கணினிப் பட்டப்படிப்பில் எந்தப் பாடத்தை எடுப்பது? வன்னி மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக அனுமதி வெளியாகிற நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று நாலு பக்கமும் இருந்து தம்பி தங்கச்சிமார் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். முதலாம் வருடத்தில் ஒரு தரம், விருப்புப் பாடம் தெரிவு செய்யும் நேரத்தில் இன்னொரு தரம். நான் இரணைமடு வாய்க்கால் ஓடுகிற ஊரில் வளர்ந்து, கணினி விஞ்ஞானம் நாலு வருடம் படித்து, இப்போது மென்பொருள் வேலை செய்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பாட இலக்கமும் விதியும் பீடத்துக்குப் பீடம் மாறும். நான் சொல்வதும் உங்கள் மாணவர் கைநூல் சொல்வதும் முரண்பட்டால் கைநூல் சொல்வதே சரி.

கணினி விஞ்ஞானம், ஐ.ரி., ஐ.சி.ரி., கணினிப் பொறியியல் எல்லாம் ஒன்றுதானே அக்கா?

இல்லை. ஆனால் பயப்படும் அளவுக்குத் தூரமும் இல்லை.

எங்களுக்குக் கிட்ட உள்ளதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் திருநெல்வேலியில் இருக்கிறது, அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கலாம். அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது, கணினிப் பொறியியல் அங்கே. பம்பைமடுவில் இருப்பது வவுனியாப் பல்கலைக்கழகம். முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே தகவல் தொழில்நுட்பமும் (ஐ.ரி.), பிரயோக கணிதமும் கணிப்பிடலும் என்ற பட்டமும் உண்டு. தொழில்நுட்பப் பிரிவில் உயர்தரம் எடுத்தவர்களுக்கு ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பட்டம் இருக்கிறது.

ஒரு வைத்தியசாலையின் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். நோயாளர் பதிவை எந்த மென்பொருளில் வைப்பது, எப்படி எல்லா அறைக்கும் இணைப்பது, தாதிமாருக்கு எப்படிப் பழக்குவது என்று பார்ப்பது ஐ.ரி. பதிவு ஒரு இலட்சத்தைத் தாண்டியதும் பெயர் தேடுவது ஏன் இழுபடுகிறது, அதை எப்படி வேகமாக்குவது என்று குடைவது கணினி விஞ்ஞானம். நாடித்துடிப்பை அளந்து அனுப்பும் கருவியைச் செய்வது கணினிப் பொறியியல். முதல் இரண்டு வருடத்தில் நாலு வழியிலும் ஒரே விஷயங்கள் பலவற்றைப் படிப்பீர்கள். ஆகவே கிடைத்த பட்டத்தின் பெயரை வைத்து மனம் நொந்து கொண்டிருக்க வேண்டாம். அதற்குள் எந்தப் பாடத்தை எடுக்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம் வரப்போகிறது.

கிரெடிட் என்றால் என்ன? ஒரு செமஸ்டருக்கு எத்தனை எடுக்கலாம்?

கிரெடிட் என்பது ஒரு பாடம் உங்களிடமிருந்து எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதன் அளவு. இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, ஆய்வுகூடம், சொந்தப் படிப்பு, பரீட்சை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். வெறும் விரிவுரையாகப் பார்த்தால் 15 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்று 150 மணித்தியாலம் கேட்கிறது. 15 வாரச் செமஸ்டரில் பிரித்தால் வாரத்துக்கு 10 மணித்தியாலம். செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 50. இது ஒரு முழுநேர வேலையை விட அதிகம்.

எங்கள் ஊரில் சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். பத்து ஏக்கர் வயல் இருந்தாலும் தண்ணீர் மூன்றுக்குத்தான் என்றால் மூன்றுதான் விதைக்க வேண்டும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் விதைத்தால் கதிர் வரும் நேரத்தில் எல்லாம் காயும். மேலதிகப் பாடம் எடுக்கலாமா என்று கேட்கும் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். மாலையில் ரியூசன் கொடுத்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறீர்களா, கிழமை முடிவில் பஸ் ஏறி ஊருக்கு வருகிறீர்களா, அந்த நேரத்தையும் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120.

எந்தப் பாடங்கள் உண்மையில் அத்திவாரம்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் ஒரு படம் வரைந்தேன். கைநூலில் இருந்த ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பெட்டி. ஒரு பாடத்துக்கு முன் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும் என்றால் அங்கிருந்து இங்கே ஒரு அம்புக்குறி. கைநூலில் முற்தேவை என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், பாடத்திட்டத்தை வாசித்து நானாகவும் சில அம்புகள் போட்டேன். வரைந்து முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. ஏதோ ஒரு சில பெட்டியில் இருந்து மட்டும் அம்புகள் கொத்தாகக் கிளம்பியிருந்தன. செய்நிரலாக்கத்தில் இருந்து தரவுக் கட்டமைப்புக்கு (தரவை ஒழுங்காக அடுக்கி வைக்கும் முறைகள்), அதிலிருந்து அல்கோரிதத்துக்கு (ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிமுறை), அதிலிருந்து கொம்பைலருக்கும் (எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) செயற்கை நுண்ணறிவுக்கும். டிஸ்கிரீட் கணிதத்தில் (தனித்தனியாக எண்ணக்கூடியவற்றின் கணிதம்) இருந்து அல்கோரிதத்துக்கும் தரவுத்தளத்துக்கும். கணினிக் கட்டமைப்பில் இருந்து பணிசெயல் முறைமைக்கு (விண்டோஸ், லினக்ஸ் போன்றவை), அங்கிருந்து வலையமைப்புக்கும் பாதுகாப்புக்கும். நேரியல் அட்சரகணிதமும் நிகழ்தகவும் சேர்ந்து மெஷின் லேர்னிங்குக்கும் (தரவைப் பார்த்துக் கணினி தானாகக் கற்கும் முறை) படிமச் செயலாக்கத்துக்கும்.

இதைப் பார்த்தபோது எனக்கு வாய்க்கால் ஞாபகம்தான் வந்தது. துருசு திறந்தால் பெரிய வாய்க்காலில் தண்ணீர் வரும், பிறகு கிளை வாய்க்கால், பிறகு வயல். மேலே எங்காவது அடைபட்டிருந்தால் கடைசி வயல்காரர் மண்வெட்டியோடு எவ்வளவு நேரம் நின்றாலும் தண்ணீர் வராது. மூன்றாம் வருடத்தில் ஒரு விருப்புப் பாடம் விளங்கவில்லை என்று சொல்லும் பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் அடைப்பு அந்தப் பாடத்தில் இல்லை. முதலாம் வருடத்தில் மனப்பாடம் செய்து சித்தியடைந்த ஏதோ ஒன்றில் இருக்கும்.

நீங்களும் வரைந்து பாருங்கள். பிறகு உள்நோக்கி அம்பு ஒன்றும் வராத ஒரு பெட்டியைத் தேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து கிளம்பும் அம்புகளை அழித்துவிடுங்கள். அடுத்து அம்பு வராத பெட்டி எது என்று பார்த்து அதையும் எழுதுங்கள். முடிவில் எந்த ஒழுங்கில் படிக்க வேண்டும் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கும். 1962 இல் ஆர்தர் கான் என்பவர் வெளியிட்ட அல்கோரிதம் இதுதான். அல்கோரிதப் பாடத்தில் இதையே வேறு பெயரில் படிப்பீர்கள், அப்போது உங்களுக்கு அது பழைய சிநேகிதமாக இருக்கும்.

என் கருத்து இதுதான்: தரவுக் கட்டமைப்பு, அல்கோரிதம், பணிசெயல் முறைமை, வலையமைப்பு, தரவுத்தளம், நிகழ்தகவு. இந்த ஆறும் உங்கள் பட்டத்தில் கட்டாயமாக இல்லாமல் விருப்பாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஒரு மொழியின் பெயரோ ஒரு கருவியின் பெயரோ தலைப்பில் உள்ள பாடத்தை நாலு மாதத்தில் தனியாக இருந்து பழகலாம். இந்த ஆறையும் தனியாக இருந்து படிப்பது கடினம், கேள்வி கேட்க ஒரு விரிவுரையாளர் முன்னால் இருக்கும்போதே படித்துவிட வேண்டும்.

உயர்தரத்தில் ஐ.சி.ரி. எடுக்கவில்லை, வீட்டில் கொம்பியூட்டரும் இல்லை. மற்றவர்களைப் பிடிக்க முடியுமா?

முடியும். நானும் அப்படித்தான் போனேன். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படித்து, விசைப்பலகையில் ஒரு விரலால் எழுத்துத் தேடிக்கொண்டு போய் உட்கார்ந்தவள் நான். பக்கத்தில் இருந்தவர் உயர்தரத்திலேயே பைதன் மொழியில் செய்நிரல் எழுதியவர். முதல் ஆறு கிழமையும் அழுகை வரும் போல இருந்தது.

ஒரு நாள் இரவு ஆய்வுகூடத்தில் சி மொழியில் பத்து மாணவரின் புள்ளியைக் கூட்டும் செய்நிரல் எழுதினேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒரு விடை. ஒருக்கால் 612, அடுத்த முறை ஏதோ பெரிய மறை எண். கணினி பழுதென்று நினைத்து அடுத்த கதிரைக்கு மாறினேன், அங்கேயும் அதேதான். கடைசியில் ஒவ்வொரு சுற்றிலும் எந்த இடத்தைப் படிக்கிறது என்று அச்சிட்டுப் பார்த்தால் 0, 1, 2 என்று போய் 10 வரைக்கும் வருகிறது. பூச்சியத்தில் தொடங்கினால் பத்தாவது பெட்டியின் இலக்கம் 9. நான் சிறிது என்ற குறிக்குப் பக்கத்தில் ஒரு சமன் குறியைக் கூடுதலாகப் போட்டிருந்தேன். அதனால் என் பத்துப் பெட்டிக்கும் வெளியே நினைவகத்தில் தற்செயலாகக் கிடந்த எதையோ எடுத்துக் கூட்டியிருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு நினைவகம் என்றால் என்ன என்பது எனக்கு விளங்கியது. முன்பே பைதன் தெரிந்தவர்களுக்கும் அது அன்றைக்குப் புதிதுதான். ஐ.சி.ரி. படித்தவருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு செமஸ்டர். அதற்கு மேல் இல்லை.

அந்த முதல் செமஸ்டரில் மட்டும் மேலதிகமாக எதையும் எடுக்காதீர்கள். ஆய்வுகூடம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லப்டொப் வாங்கக் கடன் எடுக்கத் தேவையில்லை, பாவித்த ஒன்று 8 ஜிபி நினைவகத்தோடு கிடைத்தால் முதல் இரண்டு வருடமும் தாராளமாகப் போகும். லினக்ஸ் போட்டால் பழைய இயந்திரமும் இலகுவாக ஓடும்.

ஆங்கிலம்தான் பயமாக இருக்கு. எழுத்து வேலை குறைந்த பாடமாகப் பார்த்து எடுக்கலாமா?

முதலாம் வருடத்தில் அப்படிச் செய்வதில் தவறில்லை. அதற்குப் பிறகு வேண்டாம்.

பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் போகிறோம். அது உங்கள் குறை இல்லை. எனக்கு உதவியது ஒரு சின்னப் பழக்கம். விரிவுரைக்குப் போக முதல் நாள் அன்றைய பாடத்தின் பத்துச் சொல்லை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என் தமிழில் ஒரு வசனம் எழுதுவேன். அகராதித் தமிழ் இல்லை, அம்மாவுக்குச் சொல்வது போல. பணிசெயல் முறைமையில் வரும் டெட்லொக்குக்கு நான் எழுதி வைத்தது: ஒழுங்கையில் எதிரெதிரே வந்த இரண்டு ரக்ரரும் நீ முதலில் பின்னுக்குப் போ என்று நிற்பது. சொல் விளங்கிவிட்டால் மற்ற ஆங்கிலமெல்லாம் மெதுவாக வரும்.

எழுதவும் பேசவும் வைக்கும் பாடத்தைத் தொடர்ந்து தவிர்த்துக்கொண்டே வந்தால் இறுதி வருட ஆய்வறிக்கையில் மொத்தமாக வந்து நிற்கும். இரண்டாம் வருடத்தில் மென்பொருள் பொறியியல் போலக் குழுவாக அறிக்கை எழுதும் பாடம் ஒன்றை எடுங்கள். அங்கே பிழைவிட்டால் யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள்.

எங்கட பச்சில எல்லாரும் மெஷின் லேர்னிங் எடுக்கினம். நானும் எடுக்கட்டா?

எடுக்கலாம். எப்போது என்பதுதான் கேள்வி.

இந்தப் பாடத்தின் உள்ளே இருப்பது கணிதம். ஒரு புள்ளிக் கூட்டத்துக்கு நடுவே கோடு ஒன்று போடுகிறீர்கள், அது எவ்வளவு பிழைக்கிறது என்று அளக்கிறீர்கள், பிழை எந்தப் பக்கம் குறைகிறது என்று வகையீடு செய்து பார்த்து அந்தப் பக்கம் ஒரு சின்ன அடி வைக்கிறீர்கள், திரும்ப அளக்கிறீர்கள். இணைந்த கணிதத்தில் இழிவுப் புள்ளி கண்டுபிடித்தோமே, அதேதான். அங்கே ஒரு மாறி, இங்கே இலட்சக்கணக்கில் மாறி, ஆகவே தாயமாக (மேட்ரிக்ஸாக) எழுதுகிறோம். நேரியல் அட்சரகணிதமும் நிகழ்தகவும் முடிக்காமல் உள்ளே போனால், யாரோ எழுதி வைத்த நாலு வரியை ஓட்டி வரும் எண்ணைப் பார்த்துச் சந்தோசப்படுவதோடு நின்றுவிடும்.

அதனால் என்ன நடக்கும் என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒரு வேலையைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு பச் கீழே படித்த ஒரு குழு, நெல் இலையின் படத்தைப் பார்த்து நோய் இருக்கிறதா என்று சொல்லும் மொடல் செய்தது. பரிசோதனையில் நல்ல புள்ளி. உண்மையான வயலுக்குக் கொண்டுபோனால் எல்லா இலையும் சுகம் என்றது. தேடித் தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. நோய் பிடித்த இலைகளை எல்லாம் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். சுகமான இலைகளை வயலில் நின்றபடியே எடுத்திருந்தார்கள். மொடல் கற்றுக்கொண்டது நோயை இல்லை, உள்ளங்கையை. அந்தக் குழுவில் இதைக் கண்டுபிடித்த தங்கச்சி புள்ளிவிபரவியலைச் சீராகப் படித்தவர். தரவு எப்படிச் சேர்க்கப்பட்டது என்று முதலில் கேட்கும் பழக்கம் அங்கேயிருந்துதான் வந்தது.

ஆகவே நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, பிறகு மெஷின் லேர்னிங் என்ற ஒழுங்கில் எடுங்கள். பச் முழுக்க ஒரு செமஸ்டர் முந்தி எடுத்தால் எடுக்கட்டும்.

கணிதத்தைத் தவிர்த்துவிட்டுக் கணினி படிக்க முடியாதா?

பட்டம் எடுக்கலாம், ஆனால் பாதிக் கதவு பூட்டியிருக்கும். உயர்தரக் கணிதத்தைப் போல இங்கே நேரத்துக்குள் கணக்குச் செய்து முடிக்கும் ஓட்டம் குறைவு. ஏன் சரி என்று காட்டுவதுதான் அதிகம். உயர்தரத்தில் கணிதத்தில் சாதாரண சித்தி எடுத்த பலருக்கு டிஸ்கிரீட் கணிதம் பிடித்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போய்ப் பார்க்க முதலே தீர்மானிக்காதீர்கள்.

ஏ.ஐ. தானே கோட் எழுதித் தருதே, செய்நிரலாக்கப் பாடத்துக்கு இவ்வளவு நேரம் கொடுக்க வேணுமா?

வேண்டும். நானும் வேலையில் அதைப் பாவிக்கிறேன். அது எழுதித் தருவதில் எது பிழை என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மேலே சொன்ன அந்தச் சமன் குறியை ஒரு தரமாவது இரவிருந்து தேடாதவருக்கு அடுத்தவர் எழுதியதில் அது இருப்பது கண்ணில் படாது. முதல் இரண்டு செமஸ்டரும் அசைன்மென்டை உங்கள் கையால் எழுதுங்கள்.

தமிழுக்குக் கணினியில் ஏதாவது செய்ய விருப்பம். அதற்கு என்ன பாடம்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது.

பைதனில் "வவுனியா" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் எண்ணினால் வ, வு, னி, யா என்று நாலு எழுத்து. கணினி 7 என்று சொல்லும். ஏனென்றால் அது வ, வ, உகரக் குறி, ன, இகரக் குறி, ய, கால் என்று ஏழு குறியீடாகச் சேமித்திருக்கிறது. கோப்பில் எவ்வளவு இடம் என்று கேட்டால் 21 பைட். எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யூரிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் "யானிவுவ" என்று வர வேண்டியது, தொடக்கத்தில் ஒரு கால் தனியாகத் தொங்க, பிறகு யி, னு, வ, வ என்று வரும். முதலாம் வருடத்தில் எல்லோரும் செய்யும் சின்னப் பயிற்சி அது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடியும், தமிழில் உடைந்துவிடும்.

இன்னொன்று. "கொக்கிளாய்" என்று தேடினால் பட்டியலில் கண்ணுக்கு முன்னால் இருந்தும் இல்லை என்று சொல்லும் மென்பொருளை நான் திருத்தியிருக்கிறேன். கொ என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, உள்ளே வேறு வேறு. இரண்டும் சமம் என்பது, எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தின் விதி. ஒப்பிட முதல் ஒரே வடிவத்துக்கு மாற்றவேண்டும். யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். பாடசாலை இடாப்பில் பெயர்களை அகரவரிசைப்படுத்தினாலும் பிழைக்கும். எங்கள் வரிசையில் ற, ன இரண்டும் கடைசி. யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந வுக்குப் பக்கத்திலும் ற என்பது ர வுக்குப் பக்கத்திலும் இருக்கிறது. குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் வரிசை மாறிவிடும்.

இயற்கை மொழிச் செயலாக்கம் (மனிதர் பேசும் மொழியைக் கணினியில் கையாள்வது) என்ற விருப்புப் பாடம் உங்கள் பீடத்தில் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் கொம்பைலர் பாடத்தை எடுங்கள். அது வசனத்தைப் பிரித்து மரமாக்கும் வேலையைக் கற்றுத் தரும். தமிழ்ச் சொல்லைப் பகுதி விகுதி என்று பிரிக்கவும் அங்கே படிப்பது உதவும். "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை உறுப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பாடசாலை இலக்கணப் புத்தகத்தை வீசிவிடாதீர்கள்.

வன்னியில் இருந்துகொண்டே பயன்படுத்தக்கூடிய பாடம் எது?

ஜி.ஐ.எஸ். என்ற புவியியல் தகவல் முறைமையை நான் முதலில் சொல்வேன். கணினி மாணவர்கள் அதைப் புவியியல்காரருக்கு உரியதென்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை முழுவதும் வரைபடத்தை வைத்துத்தான் நடக்கிறது. எந்தக் காணி சந்தேகத்துக்குரியது, எது துப்புரவாகி மக்களிடம் கையளிக்கப்பட்டது என்பதெல்லாம் ஆள்கூறுகளோடு தரவுத்தளத்தில் இருக்கிறது. அதற்கென்றே ஜெனீவாவில் உள்ள ஒரு மையம் வழங்கும் இம்ஸ்மா என்ற முறைமை பல நாடுகளில் பாவனையில் உள்ளது, இலங்கையிலும் பாவித்தார்கள். ஒரு எல்லைக் கோடு பத்து மீற்றர் தள்ளி விழுந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. குளங்களின் நீர்மட்டம், காணி அளவை, யானை வரும் பாதை என்று இதே அறிவுக்கு இங்கே இன்னும் எவ்வளவோ வேலை கிடக்கிறது.

அடுத்தது உட்பொதி முறைமைகள், அதாவது சின்னக் கருவிகளுக்கு நிரல் எழுதுவது. செலவு குறைவு, தோட்டத்தில் வைத்தே பரிசோதிக்கலாம். செல்பேசிச் செயலி செய்வதைத் தனியாகப் பழகலாம், அதற்கு ஒரு விருப்புப் பாடத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஜி.பி.ஏ. உயர்த்த இலகுவான பாடம் ஒன்றிரண்டு எடுத்தால் என்ன?

ஜி.பி.ஏ. என்பது உங்கள் பாடத் தரப்புள்ளிகளின் கிரெடிட் வாரியான சராசரி. முதலில் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான பீடங்களில் ஏ என்பது 4.00, ஏ மைனஸ் 3.70, பி 3.00, சி பிளஸ் 2.30. மூன்று கிரெடிட் பாடத்தில் ஏ மைனஸும் இரண்டு கிரெடிட் பாடத்தில் சி பிளஸும் எடுத்தால் 11.1 உடன் 4.6 கூட்டி 5 ஆல் பிரிக்க 3.14 வரும். முதலாம் வகுப்புக்குப் பொதுவாக 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00. 120 கிரெடிட்டில் இரண்டு கிரெடிட் இலகுவான பாடம் ஒன்று மொத்தத்தை அசைக்கும் அளவு மிகச் சொற்பம்.

கடினமான பாடம் மூன்று ஒரே செமஸ்டரில் வந்தால் மூச்சுவிட ஒன்றை இலகுவாக எடுப்பது நியாயம். அது வேறு. சீனியர் அண்ணாமார் "அந்தப் பாடத்துக்குப் பழைய கேள்வியே வரும்" என்று சொல்வதை நம்பி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விரிவுரையாளர் மாறினால் கேள்வியும் மாறும், உங்களிடம் பாடமும் இருக்காது. சீனியரிடம் வேறு விதமாகக் கேளுங்கள்: அந்தப் பாடத்தில் என்ன செய்தீர்கள், அதைக் காட்ட முடியுமா?

ஒரு பாடம் பெயிலாகிவிட்டது. விருப்புப் பாடம் என்றால் விட்டுவிடலாமா?

சில பீடங்களில் தவறிய விருப்புப் பாடத்துக்குப் பதில் வேறொன்றை எடுக்க விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். கைநூலைப் பாருங்கள். திரும்ப எழுதினால் பெரும்பாலும் சி வரைதான் தருவார்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஆனால் தவறியது உங்கள் கலண்டர் தாளில் பல அம்புகள் கிளம்பும் பெட்டி என்றால், விதி எப்படி இருந்தாலும் அதைத் திரும்பப் படித்தே ஆகவேண்டும். வீட்டுக்குச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பாடம் போனது, அப்பாவுக்குச் சொல்ல மூன்று கிழமை எடுத்தேன். அவர் கேட்டது "அடுத்த போகத்துக்கு எழுதலாம்தானே?" என்று மட்டும்தான்.

வீட்டில் அரச வேலை என்று சொல்கிறார்கள். அதற்கு ஏற்ற மாதிரித் தெரிவு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எந்த அரச வேலை என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆசிரியர் சேவை ஒன்று, இலங்கை தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சேவை இன்னொன்று. இரண்டுக்கும் விருப்புப் பாடத்தின் பெயரை விடப் பட்டமும் போட்டிப் பரீட்சையும் நேர்முகமும்தான் முக்கியம். பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராக வர ஆசை என்றால் நாலு வருடச் சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்பும் வேண்டும். அப்படியானவர்கள் கோட்பாடு சார்ந்த பாடங்களைக் கூட எடுக்க வேண்டும். அம்மா அப்பாவுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அவர்கள் எல்லாம் இழந்து திரும்பத் தொடங்கியவர்கள், மாதம் தவறாத சம்பளம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று எங்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை. வேறு வழி?

இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டம் 2000 ஆம் ஆண்டு முதல் நடக்கிறது, வீட்டில் இருந்து படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் உண்டு. உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவனங்களில் உயர் தேசிய டிப்ளோமா உண்டு. அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் என்.வி.கியூ. (தேசிய தொழில்சார் தகைமை) வழியாக ஏறலாம். எந்த வழியில் போனாலும் மேலே சொன்ன ஆறு பாடம் மாறாது.

விருப்புப் பாடத்தையும் இறுதி வருடப் புரொஜெக்டையும் எப்படிப் பொருத்துவது?

பின்னாலிருந்து முன்னுக்கு வாருங்கள். மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே உங்கள் துறையில் எந்த விரிவுரையாளர் எதில் ஆய்வு செய்கிறார் என்று பாருங்கள், அவரிடம் போய் "இறுதி வருடத்தில் உங்களோடு வேலை செய்ய விருப்பம், அதற்கு முதல் எந்தப் பாடம் எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அவர்கள் கட்டாயம் சொல்வார்கள். பல விருப்புப் பாடங்கள் வருடத்துக்கு ஒரு தரம்தான் வரும். விரிவுரையாளர் விடுமுறையில் போனால், மாணவர் தொகை போதாவிட்டால், அந்த வருடம் நடக்காமலும் போகும். ஆகவே இரண்டாவது தெரிவு ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

தொழிற்பயிற்சி பெரும்பாலும் கொழும்பில் அமையும், அந்த மாதங்களுக்கு அறை வாடகைக்குக் காசு சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் உள்ள மென்பொருள் நிறுவனங்களிலும் கேட்டுப் பாருங்கள். பாடத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் செமஸ்டரின் முதல் இரண்டு கிழமைக்குள் துறை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். கடைசித் திகதி உங்கள் பீட அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கும், முதல் நாளே அதைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.